மக்கள் என்ற சொல்லில் மகளும் உண்டு

தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் நெடுநாளாக ஒரு பட்டிமன்றத் தலைப்பு வழங்கி வருகிறது. கற்பிற் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா என்பது அது. ஓரணியில் மூவர், எதிரணியில் மூவர், இடையே ஒரு நடுவர். இறுதியில் இருவரும் சிறந்தவரே என்றொரு தீர்ப்பு, உடனே கைதட்டல். ஈராயிரம் ஆண்டு இலக்கியச் செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதனிடம் நாம் திரும்பத் திரும்பக் கேட்கத் தெரிந்த வினா இஃதொன்றுதானா? வழக்கு மன்றத்தில் எப்போதும் பெண்களே நிறுத்தப்படுகின்றனர். கோவலனைக் கூண்டிலேற்றி, இவன் இல்லறம் அறமா என்று வினவும் மேடைகள் எத்தனை?

இந்த வழக்கத்தை மாற்றுவோம், பெண்ணிய நோக்கில் இலக்கியத்தைப் படித்துப் பார்ப்போம் என்று எவரேனும் சொன்னால், மூன்று குற்றச்சாட்டுகள் உடனே எழுகின்றன. பெண்ணியம் மேனாட்டுச் சரக்கு என்பது முதலாவது. முன்னோரின் நூல்களை இன்றைய அளவுகோலால் அளப்பது முறையன்று என்பது இரண்டாவது. வேற்று மொழி வழங்கும் மாநிலத்தில் சிறுபான்மையராய் வாழும் நம் குடும்பங்களை அது பிளந்துவிடும் என்பது மூன்றாவது. தங்கவயல் தமிழர்களாகிய நாம் இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராயக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில் இவற்றை ஏற்றுக்கொண்டால் இழப்பு நம் பெண்மக்களுக்கே.

பெண்ணிய நோக்கு என்பது என்ன? ஆண்களை வசைபாடும் கலையன்று அது. ஒரு நூலைக் கையிலெடுக்கும்போது சில எளிய வினாக்களை மறவாமல் கேட்பதே அது. இந்நூலில் பேசுபவர் யார்? பேச்சு மறுக்கப்பட்டவர் யார்? பெண்ணின் குரல்போல் ஒலிப்பது உண்மையில் யாருடைய குரல்? எந்த ஒழுக்கம் இருபாலார்க்கும் விதிக்கப்பட்டது, எது ஒருபாலார்க்கு மட்டும் விதிக்கப்பட்டது? இவ்வினாக்களால் சிதைந்துபோகும் இலக்கியம் ஒன்று இருக்குமானால், அது சிதையட்டும் என்றே விட்டுவிடலாம். நம் பேரிலக்கியங்கள் அத்தகையன அல்ல. அவை இவ்வினாக்களைத் தாங்குவன மட்டுமல்ல, இவ்வினாக்களுக்காகக் காத்திருப்பன.

முதற் குற்றச்சாட்டை நோக்குவோம். பெண்ணெழுத்தைப் பற்றி வர்ஜீனியா உல்ஃப் 1929இல் எழுதியதும், பெண் என்னும் நிலை பிறப்பால் மட்டும் அமைவதன்று, சமூகத்தால் ஆக்கப்படுவது என்று சிமோன் த பொவ்வார் 1949இல் வாதிட்டதும், ஆண் எழுத்தாளர்களின் நூல்களில் மறைந்துள்ள ஆதிக்கத்தைக் கேட் மில்லட் 1970இல் எடுத்துக்காட்டியதும் மேனாட்டில் நிகழ்ந்தவையே. மறுப்பாரில்லை. ஆனால் 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் நம் சுரங்கங்களுக்கு வந்தபோது, இவ்வொளியைக் கண்டறிந்தவர் எந்நாட்டவர் என்று கேட்டு இருளிலேயே நின்றவர் எவரும் இலர். விளக்கின் பிறப்பை ஆராய்வதைவிட, அது எதைக் காட்டுகிறது என்று பார்ப்பதே அறிவுடைமை.

அதுவுமன்றி, ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று பழந்தமிழ் நூல்களை மறுவாசிப்புச் செய்யும் முறை தங்கவயலுக்கு அயலானதே அன்று. 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர், நூல்களுக்கு வழங்கிவந்த உரைகளை அப்படியே ஏற்க மறுத்தார். திருக்குறளைத் திரிக்குறள் என்று கொண்டு, பௌத்த நெறியில் புதிய உரை வகுத்தார். 1914இல் அவர் மறைந்ததால் அவ்வுரை முற்றுப்பெறவில்லை. ஔவையாரை வெறும் நீதிமொழிக் கிழவியாகக் காணாமல், அம்பிகையம்மன் என்னும் பௌத்தத் துறவியாகக் கண்டு எழுதினார். அவர் முடிவுகளை ஆய்வாளர் ஒப்பலாம், மறுக்கலாம். அவர் கேட்ட வினா மறுக்க இயலாதது: இந்நூலுக்கு உரை எழுதியவர் யார், எவர் நலத்தை நாடி எழுதினார்?

அவ்வினாவைத் தலைமேற்கொண்ட ஊர் நம் ஊர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை இயங்கியது. அயோத்திதாசருக்குப் பின் 'தமிழன்' இதழை 1926இல் மீண்டும் எழுப்பித் தங்கவயலிலிருந்து நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். அயோத்திதாசரின் நூல்களை அச்சேற்றியது இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை. பகலில் பாறையைத் துளைத்தவர்கள் இரவில் உரைகளைத் துளைத்தார்கள். சாதியின் பெயரால் எழுதப்பட்ட உரையை ஐயுறக் கற்றுக்கொடுத்த ஓர் ஊர், பெண்ணைத் தாழ்த்தும் உரையை ஐயுறுவது அந்நியச் சரக்கு என்று சொல்லுமானால், அது தன் பாட்டன்மாரையே மறுப்பதாகும்.

பெண்ணைத் தாழ்த்தும் உரை உண்டா என்று கேட்பார்க்கு ஒரு சான்று போதும். மக்கட்பேறு என்னும் அதிகாரத்தின் முதற் குறளில், அறிய வேண்டுவன அறியும் மக்களைப் பெறுவதைவிடச் சிறந்த பேறு வேறில்லை என்கிறார் வள்ளுவர். அவர் ஆளும் சொல் 'மக்கள்'. ஆணும் பெண்ணும் அடங்கிய சொல் அது. அதற்கு உரை கண்ட பரிமேலழகரோ, அறிவறிதல் பற்றிப் பேசுவதால் இங்கே மக்கள் என்ற பெயர் பெண்ணை விலக்கி நின்றது என்று எழுதிவிட்டார். வள்ளுவர் திறந்துவைத்த கதவை உரையாசிரியர் அடைத்தார். அதே அதிகாரத்தில், தன் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட தாயின் மகிழ்ச்சி பேசப்படுகிறது. கேட்ட தாய் என்று ஏன் சொன்னார்? பெண்ணியல்பால் அவளுக்குத் தானாக அறியும் ஆற்றல் இல்லையாம். அதனால் பிறர் சொல்லக் கேட்டாளாம்! இதுவும் பரிமேலழகர் தரும் விளக்கமே.

பரிமேலழகரின் புலமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சொல் நுட்பத்திலும் இலக்கண நுட்பத்திலும் அவர்க்கு நிகர் அவரே. அத்துணைப் பேரறிஞரும் தம் காலத்து வழக்கத்தைக் குறளுக்குள் ஏற்றி வாசித்தார் என்பதே நாம் காட்ட விரும்புவது. நூலில் இல்லாத விலக்கு உரையில் நுழைந்தது. உரையிலிருந்து பள்ளிக்கு வந்தது. பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தது. இவ்விலக்கை நீக்கி, மக்கள் என்ற சொல்லில் மகளை மீண்டும் அமர்த்துவதே பெண்ணிய நோக்கின் பணி. இப்பணி வள்ளுவருக்குப் பகையா, நட்பா? படிப்போரே சொல்லட்டும்.

உரையாசிரியர் மறந்ததைக் காப்பியப் புலவர் ஒருவர் மறக்கவில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரை அடையும் மணிமேகலை, பல சமயத்தாரின் கொள்கைகளையும் அவரவர் வாயால் கேட்டறிய விரும்புகிறாள். ஆனால் இளம்பெண் என்று கண்டால் எவரும் அவளுக்கு மெய்ப்பொருளை எடுத்துரைக்கமாட்டார். ஆகவே மந்திரத்தால் தன் உருவை மறைத்து, ஆண் தவசியின் வடிவம் தாங்கிச் சென்று அவள் கேட்க வேண்டியிருக்கிறது. கல்விக் கூடத்தின் வாயிலில் பெண்ணுடல் தடையாக நின்ற செய்தியை இதைவிடத் தெளிவாக யார் சொல்லிவிட முடியும்? இது மேனாட்டிலிருந்து வந்ததா? சாத்தனார் தமிழில் எழுதிவைத்தது. மணிமேகலையை மேடையில் புகழும் நாம் இவ்விடத்தை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம். அட்சய பாத்திரம் ஏந்திச் சோறிட்ட கை நமக்கு இனிக்கிறது. அளவையும் தருக்கமும் கற்ற அறிவு நமக்கு உறுத்துகிறது.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. பழையோரை இன்றைய அளவுகோலால் அளக்கலாகாது என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. இளங்கோவடிகள் நம் காலத்துச் சமத்துவச் சட்டங்களை ஏன் எழுதவில்லை என்று சினப்பது பேதைமை. ஆனால் பழைய பெண்கள் தம் காலத்திலேயே சொல்லிவைத்ததைக் கேளாமல் விடுவது எந்த அளவுகோல்? சங்க இலக்கியத்தில் பாடிய பெண்பாற் புலவர் முப்பதுக்குக் குறையாதவர். ஔவையாரின் பாடல்கள் மட்டும் 59. ஆயினும் அகப்பாடல்களில் தலைவியும் தோழியும் பேசும் பேச்சில் பெரும்பகுதி ஆண் புலவர் இயற்றியது. தோழியின் கூற்றாகவே குறிஞ்சிப்பாட்டு முழுவதையும் அமைத்தவர் கபிலர். அதன் அழகில் நமக்கு ஐயமில்லை. ஆண் புனைந்த பெண் குரலும், வெள்ளிவீதியார் போன்ற பெண்ணே எழுப்பிய பெண் குரலும் ஒன்றா, வேறா என்று கேட்டுப் பார்ப்பது இலக்கிய இன்பத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

புறநானூற்றின் 246ஆம் பாட்டை நோக்குக. பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு ஈமத்தீயில் புகத் துணிகிறாள். சான்றோர் தடுக்கின்றனர். அவள் அவர்களை இடித்துரைத்துப் பாடுகிறாள். இப்பாட்டைக் கற்பின் கொடுமுடி என்று நம் மேடைகள் கொண்டாடுகின்றன. ஆனால் அவள் என்ன சொல்கிறாள் என்று நின்று கேட்டோமா? கைம்பெண்ணின் வாழ்வை அவள் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறாள்: நெய் படாத சோறு, எள்ளுத் துவையல், புளியிட்டு வெந்த வேளைக்கீரை, பாயுமின்றிப் பரற்கல்லின்மேல் படுக்கை. அவ்வாறு உயிர் வாழும் பெண்களுள் ஒருத்தி நான் அல்லேன் என்கிறாள். காதலும் துணிவும் இப்பாட்டில் உண்டு. அவற்றோடு, கணவனை இழந்தவளுக்குச் சமூகம் விதித்த தண்டனையின் பட்டியலும் உண்டு. நெருப்பைத் தாமரைக் குளம்போல் குளிர்ச்சியாகத் தோன்றச் செய்யும் அளவுக்கு ஒரு வாழ்வு கொடிதாக இருந்ததென்றால், குற்றம் எங்கே இருக்கிறது? தடுத்த சான்றோர் அவளுக்கு வேறொரு வாழ்வைக் காட்டினார்களா?

பாறை வெடிப்பிலும், நுரையீரலைத் தின்னும் பாறைத் தூசியிலும் கணவரைப் பறிகொடுத்த பெண்களின் ஊர் இது. அவர்கள் தீப்புகவில்லை, பிள்ளைகளை வளர்த்தார்கள். பெருங்கோப்பெண்டைப் புகழ்ந்து பேசி முடித்து, அவையில் அமர்ந்திருக்கும் ஒரு கைம்பெண்ணை மங்கல விளக்கேற்ற அழைக்கத் தயங்கும் விழா எதுவாயினும், அது புறநானூற்றைப் படித்ததாகாது. உயிரோடிருந்து குடும்பம் காத்தவளுக்கு இலக்கியத்தில் இடமில்லை, இறந்தவளுக்கே இடம் என்றால், அவ்விலக்கியக் கல்வி யாருக்கு வாழ்வு தரும்?

கண்ணகிக்கு வருவோம். 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவளுக்குச் சிலை எழுந்தது. 2001 டிசம்பரில் அச்சிலை அகற்றப்பட்டது. 2006 ஜூனில் மீண்டும் நிறுவப்பட்டது. அதைப் பற்றித் தமிழுலகம் முழுதும் வாதிட்டது. சிலைக்காக வாதிட்ட நாம் சிலம்பின் சொற்களுக்காக வாதிட்டோமா? கண்ணகியை ஊமையாக்கி வைத்திருப்பது காப்பியமன்று, நம் மேடையே. கணவன் மீளும்பொருட்டுச் சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுமாறு தேவந்தி சொன்னபோது, அது பெருமையன்று என்று ஒரே மூச்சில் மறுத்தவள் அவள். மதுரையின் ஆயர்பாடியில், நீர் செய்தது சான்றோர் போற்றும் ஒழுக்கமன்று என்று கோவலன் முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். விருந்தோம்பலும் அறவோரைப் பேணுதலும் தனக்கு வாய்க்காமற் போனதை எடுத்துக்காட்டி, இழந்தது கணவனை மட்டுமன்று, தன் இல்லறத் தகுதியையே என்று உணர்த்தியவள் அவள்.

பாண்டியன் அவையில் நிகழ்ந்தது என்ன? அழுது முறையிட்டு இரக்கம் வேண்டினாளா? இல்லை. தன் ஊரைச் சொன்னாள், தன் குடியைச் சொன்னாள், தன் பெயரைச் சொன்னாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பின் பரல் முத்து என்னும் வேறுபாட்டைச் சான்றாக வைத்து, சிலம்பை உடைத்துக் காட்டி வழக்கை வென்றாள். தமிழிலக்கியத்தின் மாபெரும் வழக்குரை ஒரு பெண்ணின் வழக்குரை! இதனைக் கற்பின் அற்புதமாக மட்டும் சுருக்கினால், அவளுடைய அறிவை யார் கணக்கில் எழுதுவது? நம் பெண்மக்கள் கண்ணகியிடமிருந்து பொறுமையை மட்டும் கற்க வேண்டுமா? சான்று காட்டி நீதி கேட்பதையும் கற்கலாகாதா?

மாதவியின் கதை பொன்னோடு பிணைந்தது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு ஆடலும் பாடலும் பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரசன் முன் அரங்கேறுகிறாள் மாதவி. தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் மதிப்புள்ள மாலையும் பரிசாகக் கிடைக்கின்றன. மறுகணமே அம்மாலை, நகர நம்பியர் திரியும் தெருவில் ஒரு கூனியின் கையில் விலைக்கு நிற்கிறது. மாலையை வாங்குபவன் மாதவிக்கு மணமகன். பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கலைக்கு அரசன் கொடுத்த மதிப்பு, அவள் உடலுக்கு வணிகன் கொடுத்த விலையாக ஒரு தெருவின் நீளத்தில் மாறிவிடுகிறது. பொன்னின் இந்தப் பயணத்தைக் கண்டு நடுங்க வேண்டிய நாம், அவள் கற்பில் கண்ணகிக்கு இணையா என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம்! வினாவே பிழை. பன்னிரண்டு வயதில் விற்கப்பட்டவளிடம் கற்புச் சான்றிதழ் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. தன் மகளை அவ்விலைத் தெருவிலிருந்து மீட்டு அறநெறியில் செலுத்தியதே மாதவியின் பெருமை. அதைச் சொல்வதற்கு நமக்கு எந்த ஒப்பீடும் தேவையில்லை.

இக்காலத் தமிழிலும் இவ்வினாக்கள் புதியன அல்ல. கற்பு இருபாலார்க்கும் பொது என்று பாரதியார் பாடினார். பெண்ணடிமையின் வேர்களைப் பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' கட்டுரைகளில் ஆராய்ந்தார். மாதவியின் வழித்தோன்றல்களைப் பிணித்திருந்த பொட்டுக்கட்டும் வழக்கத்தை, அதே குலத்தின் துயரை அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினமாக்கினார். இராமனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்வியுற்ற அகலிகை மீண்டும் கல்லாகிப்போவதாக 1943இல் 'சாபவிமோசனம்' எழுதிய புதுமைப்பித்தன் ஓர் ஆண். பெண்ணிய நோக்கு ஆணுக்கு எதிரானது என்பார் இக்கதையைப் படிக்கட்டும். தற்காலத் தமிழிலக்கியத்தில் பெண்கள் எவ்வாறு வார்க்கப்பட்டனர் என்பதை அம்பை என்னும் சி. எஸ். லட்சுமி 1984இல் ஓர் ஆய்வு நூலாகவே வெளியிட்டார். இத்தனைக்குப் பிறகும் இது நமக்குப் புதிய சொல் என்று சொல்வது, படிக்காமைக்குப் பண்பாடு என்று பெயரிடுவதாகும்.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையை நம் ஊரார் தனியே படிக்க வேண்டும். 1934இல் வெளிவந்த அக்கதையின் அம்மாளு ஓர் ஆலைக்கூலி. வண்டியோட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்க, அவனுக்குக் கஞ்சி வார்க்கக் காசுக்கு வழியின்றி இருட்டுச் சந்தில் தன்னையே விற்கிறாள். கற்பு, கற்பு என்று முழங்குவோரை நோக்கி ஆசிரியர் வீசும் ஏளனம் இன்றும் ஆறவில்லை. பொன்னகரம் என்ற பெயர் உண்மையில் நமக்குரியது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் பொன் எடுத்த மண் இது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்ததுமுதல், 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவடைத்தது வரை, நம் வரலாற்றைச் சொல்வோர் எதைச் சொல்கின்றனர்? மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் சுரங்கம்; கைரேகைப் பதிவை எதிர்த்த 1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தம்; 1946ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சூடு. அனைத்தும் போற்றத்தக்கவை. ஆனால் பெண் எங்கே? 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடியில் வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. 2019இல் மேற்பார்வை, தொழில்நுட்பம் போன்ற பணிகளுக்காக அத்தடை தளர்ந்தபோது நம் சுரங்கம் மூடி 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் அவளை நிலத்தின் மேலே நிறுத்தியது. நம் எழுத்தோ அவளை எங்குமே நிறுத்தவில்லை. நம் ஊரின் பெயரைத் தாங்கி 2018இலும் 2022இலும் வெளிவந்த கன்னடத் திரைப்படங்களில், தாய் என்பவள் மகனிடம் வாக்கு வாங்கிவிட்டு மடிவதற்கே பிறக்கிறாள். அவ்வாக்கைக் கொண்டு மகன் உலகை ஆள்கிறான். தாயின் கதை வாக்கோடு முடிகிறது.

இங்கே மேனாட்டுக் கொள்கைக்கும் நாம் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியவராகிறோம். பெண் எழுத வேண்டுமானால் அவளுக்கென்று ஓர் அறையும் ஆண்டுக்கு 500 பவுன் வருவாயும் வேண்டும் என்றார் உல்ஃப். பவுனுக்குப் பெயர்பெற்ற நம் ஊரில், மூங்கில் தட்டிக் குடிசைகளிலும் லைன் வீடுகளிலும் ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்தபோது, எந்தப் பெண்ணுக்கு எந்த அறை? அதனால் அவர்கள் படைக்கவில்லை என்று பொருளா? தாலாட்டினார்கள், ஒப்பாரி வைத்தார்கள், தண்ணீர்க் குழாயடியில் ஊர்க்கதை முழுதும் பேசினார்கள். அவை எழுதப்படவில்லையே தவிர இலக்கியமல்ல என்று யார் தீர்ப்பளித்தது? பாமாவின் 'கருக்கு' 1992இலும் 'சங்கதி' 1994இலும் வெளிவந்தபோது, பாட்டிமார் பேச்சும், களத்து வேலையும், தெருச் சண்டையும் இலக்கியமாக நிமிர்ந்து நின்றன. சாதியால் ஒருமுறையும் பெண்ணாகப் பிறந்ததால் மறுமுறையும் மிதிக்கப்பட்டவளின் வழக்கை, உயர்குடிப் பெண்ணின் துயரத்தோடு ஒன்றாக்கிவிட முடியாது என்பதை அந்நூல்கள் உணர்த்தின. நமக்கு வேண்டும் பெண்ணிய நோக்கு இதுவே. அறை இல்லாதவளின் சொல்லையும் கேட்கத் தெரிந்த நோக்கு.

மூன்றாவது குற்றச்சாட்டே நம்மவர் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது. வந்த நாட்டில் நமக்கு எஞ்சியிருக்கும் உடைமை மொழியும் குடும்பமும்தான். அவற்றையும் விவாதப் பொருளாக்கினால் என்ன மிஞ்சும் என்று அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கன்னடம் வழங்கும் மண்ணில் நான்கு தலைமுறையாகத் தமிழைக் காத்தவர் யார்? மேடையில் முழங்கியவர் மட்டுமா? அடுப்படியில் பிள்ளைக்குக் கதை சொன்னவளும், பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாதபோது சிலேட்டில் அகரம் எழுதிக் கொடுத்தவளும் அல்லவா? தமிழைத் தாய் என்று போற்றும் நாம், அத்தாயைப் பாடுபொருளாக வைத்துக்கொண்டு, பாடும் உரிமையை மட்டும் மகன்களுக்கு ஒதுக்கிவிட்டோம். இன்று விடியுமுன் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் நம் பெண்கள், குடும்பத்தின் பாரத்தை ஆண்களோடு சமமாகச் சுமக்கின்றனர். அவர்களுடைய உழைப்பால் பிளவுபடாத குடும்பம், அவர்களுடைய கேள்வியால் பிளவுபடுமா? கேள்வியைத் தாங்காத ஒற்றுமை ஒற்றுமையன்று. ஒருவர் வாய் பொத்திய அமைதி.

மாறாக, வாய் பொத்துவதே மொழியை அழிக்கும். கல்லூரி கண்ட பெண், தன் மொழியின் இலக்கியம் தன்னை அச்சம், நாணம், மடம் என்னும் மூன்று சொற்களில் அடக்கிவிட்டது என்று நம்பினால், அவ்விலக்கியத்தை விட்டு விலகுவாள். ஆங்கிலத்தில் தனக்கு இடமுண்டு, தமிழில் இல்லை என்று முடிவு கட்டுவாள். அவள் விலகினால் அவள் பிள்ளைகளும் விலகுவர். அன்று நாம் யாரை நோவது? ஔவையின் 59 பாடல்களையும், கண்ணகியின் வழக்குரையையும், மணிமேகலையின் கல்வி வேட்கையையும் அவளுக்குக் காட்டியிருந்தால், இது என் இலக்கியம் என்று உரிமை கொண்டாடியிருப்பாளே! ஆகவே பெண்ணிய நோக்கு தமிழுக்குப் பகையன்று. வேற்று மண்ணில் தமிழ் அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழி அது.

சங்கத்தாரிடம் நாம் வேண்டுவன மிகையல்ல. கற்பை நிறுத்துப் பார்க்கும் பட்டிமன்றத் தலைப்புகளை இத்துடன் விட்டொழிப்போம். வாதிட வேண்டுமானால், பாண்டியன் அவையில் பிழைத்தது அரசனா, சட்டமா என்று வாதிடுவோம். மக்கட்பேற்றுக் குறளுக்குப் பரிமேலழகர் கண்ட பொருள் பொருந்துமா என்று வாதிடுவோம். குறள் வகுப்பு நடத்துவோர், ஒரே உரையோடு நில்லாமல் அயோத்திதாசர் உரை உட்படப் பல உரைகளை ஒப்புநோக்கிக் கற்பிக்கட்டும். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் சுரங்க லைன்களிலும் முதிய தாய்மார் இன்னும் நினைவில் வைத்திருக்கும் தாலாட்டையும் ஒப்பாரியையும், அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்வோம். ஆண்டு மலரின் கட்டுரைப் பகுதியில் பெண்கள் பெயர் கோலத்துக்கும் சமையற் குறிப்புக்கும் அடியில் மட்டும் காணப்படும் நிலை மாறட்டும். கைம்பெண் ஒருவர் கையால் குத்துவிளக்கு எரியட்டும்.

சுரங்கத்தில் பொன் பாறையோடு கலந்தே கிடக்கும். பாறையைப் பிளப்பவன் பொன்னுக்குப் பகைவன் என்று நம் ஊரில் எவரும் சொல்லார். இலக்கியத்தோடு கலந்து இறுகிப்போன பழைய உரைகளைப் பிளந்து பார்க்க அஞ்சுவோர் மட்டும் அப்படிச் சொல்லலாம். நாம் அவ்வாறு அஞ்சும் மரபினர் அல்லோம். வள்ளுவர் மக்கள் என்றார். அச்சொல்லில் மகளும் உண்டு என்று நம் வீட்டிலும் சங்கத்திலும் இன்றே சொல்லத் தொடங்குவோம்.